கடல்நீர்த் தொட்டி: கையில் கேனிஸ்டர் இருக்கும்போது ஸ்கிம்மர் தேவையா?

5 பிப்ரவரி 2023, காலை. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கேள்வி

பத்து ஆண்டுகளாக நன்னீர் மீன்கள் வளர்த்து வருகிறேன். இப்போது மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில் கடல்நீர் (உப்புநீர்) நிரப்பி, இரண்டு கோமாளி மீன்களும் வேறு ஒன்றிரண்டு சிறு மீன்களும் வளர்க்க விரும்புகிறேன். பவளம் வளர்க்கும் எண்ணம் இல்லை. நன்னீர்த் தொட்டியில் ஓடிய கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும், மூடிய டப்பா வடிவ வடிகட்டி) நல்ல நிலையில் இருக்கிறது. வடிகட்டும் கருவிகளுக்கு இனி என்னால் ஒதுக்க முடிந்தது பத்தாயிரம் ரூபாய். பெங்களூரில் ஒரு கடைக்காரர் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) இல்லாமல் தொடங்கவே வேண்டாம் என்கிறார். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் விசாரித்தபோது கேனிஸ்டரே போதும் என்றார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

5 பிப்ரவரி, இரவு. தருமபுரியிலிருந்து

ஸ்கிம்மர் வாங்குங்கள். உங்கள் அளவிலேயே ஒரு தொட்டியை மூன்றாவது ஆண்டாக வைத்திருக்கிறேன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 190 லிட்டர். மணலும் கல்லும் போக, மேலே விடும் இடைவெளியும் போக, உண்மையில் நிற்கும் நீர் 160 லிட்டர்தான். நன்னீரில் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு முதலில் பிடிபடாதது, கழிவு ஒன்றேயானாலும் கடல்நீரில் அதன் நஞ்சு வேறு என்பது. மீன் வெளியிடும் அம்மோனியாவில் ஒரு பகுதி மட்டுமே செவுளைத் தாக்கும் வடிவில் இருக்கும். பி.எச். 7 உள்ள நன்னீரில் அந்தப் பகுதி நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். நன்னீர் மீன் தாங்கிக்கொண்ட அதே அளவு அம்மோனியா கோமாளி மீனைக் கொன்றுவிடும்.

கேனிஸ்டர் கழிவைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்கிறதே தவிர, நீரைவிட்டு வெளியேற்றுவதில்லை. பஞ்சில் சிக்கிய உணவுத்துகளும் எச்சமும் அதே நீரோட்டத்தில் கிடந்து அழுகி, பாக்டீரியாவால் நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகித் தொட்டிக்கே திரும்புகின்றன. ஸ்கிம்மரின் வேலை வேறு வகையானது. பருப்பு வேகும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்து ஊற்றுகிறோம் அல்லவா, அதேதான். ஒரு முனை நீரை நாடியும் மறு முனை நீரை விலக்கியும் இருக்கும் கரிமப் பொருள்கள் காற்றுக்குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலேறி, கோப்பையில் கருஞ்சாறாக வடிகின்றன. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் பொடிப்பொடியாகவே நிற்பதால்தான் இது சாத்தியமாகிறது. நன்னீரில் இக்கருவிக்கு வேலை இல்லாததற்கும் காரணம் அதுவே. அழுகுவதற்கு முன்பே கழிவை வெளியே எடுத்துவிடும் கருவி, நம் கைக்கு எட்டும் விலையில், இது ஒன்றுதான்.

தொட்டியின் விளிம்பில் மாட்டும் ஸ்கிம்மர் எனக்கு நான்காயிரத்துச் சொச்சம் ஆனது. உங்கள் பத்தாயிரத்தில் பாதியை அதற்கு ஒதுக்கிவிட்டு, மீதியைப் பிறகு யோசியுங்கள்.

6 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு குறை இருக்கிறது. ஸ்கிம்மர் இருந்தால் மறுநாளே மீன் விடலாம் என்று யாரேனும் பொருள் கொண்டுவிடக் கூடாது. கரைந்துவிட்ட அம்மோனியாவை ஸ்கிம்மர் தொடாது. அதை மாற்றுவது பாக்டீரியாவின் வேலை, அது வளர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் டெஸ்ட் கிட் (நீர்ச் சோதனைப் பெட்டி) வைத்து அம்மோனியா ஏறி இறங்குவதையும், அதன் பின் நைட்ரைட் ஏறி இறங்குவதையும் பார்த்து, இரண்டும் பூச்சியத்தில் நின்ற பிறகே மீன் வாங்க வேண்டும்.

கேனிஸ்டரை நான் ஏன் இவ்வளவு அஞ்சுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு என் தொட்டியும் கேனிஸ்டரை மட்டும் நம்பித்தான் ஓடியது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்று இரண்டு மணிக்கு வந்தது. மூடிய டப்பாவுக்குள் இருந்த கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அங்கிருந்த சிறிதளவு ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு இறக்கத் தொடங்கியிருந்தன. மின்சாரம் வந்தவுடன் அந்த நீர் முழுவதும் தொட்டிக்குள் பாய்ந்தது. நான் வீட்டுக்கு வந்தபோது அறையில் சாக்கடை வாடை. ஒரு கோமாளி மீன் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் செவுள் மூடி மட்டும் வேகவேகமாகத் திறந்து மூடியது. மாலைக்குள் அது இறந்தது. கூட இருந்த நீல டாம்செல் மீன் மறுநாள் காலையில் இறந்தது.

எனவே கேனிஸ்டர் வைத்திருப்பவர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் நின்றால், அது திரும்ப வருவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே உள்ள நீரைக் கொட்டி, பஞ்சையும், பாக்டீரியா தங்கும் ரிங்குகளையும் தொட்டி நீரில் அலசிய பிறகே மீண்டும் ஓட்ட வேண்டும்.

12 பிப்ரவரி

காவேரிப்பட்டணத்து நண்பர் கேட்டது நல்ல கேள்வி. நம் மாவட்டங்களின் போர் நீரில் ஃபுளோரைடு அதிகம். அது கடல் மீனைப் பாதிக்குமா என்கிறார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013 முதல் நமக்குக் காவிரி நீர் கிடைக்கிறது, பற்களில் பழுப்புக் கோடுகள் உள்ள பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது, அச்சம் இயல்பானது. ஆனால் கடல்நீரிலேயே இயற்கையாக லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. கடல் மீன் பிறந்து வளர்வதே அதில்தான்.

கவலைப்பட வேண்டியவை வேறு: போர் நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் நைட்ரேட்டு, பழுப்புப் பாசிக்கு உணவாகும் சிலிகேட்டு, சால்ட் மிக்ஸின் (நீரில் கரைக்கும் கடலுப்புக் கலவையின்) கணக்கைக் குலைக்கும் கடினத்தன்மை. குழாய் நீரானால் குளோரின். இவை அத்தனையையும் தொட்டிக்குள் விட்டுவிட்டு, பிறகு அவற்றை நீக்கக் கருவி தேடுவது இரட்டைச் செலவு. வடிகட்டுதல் தொட்டிக்கு வெளியே, ஆர்.ஓ. இயந்திரத்திலேயே தொடங்கிவிடுகிறது. கருவிகளின் வரிசையில் ஆர்.ஓ. நீரை நான் ஸ்கிம்மருக்கும் முன்னால் வைத்திருக்க வேண்டும். 5ஆம் தேதி எழுதியபோது அது தோன்றவில்லை.

13 பிப்ரவரி

வீட்டில் அளந்து பார்த்தேன். போர் நீரின் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 1,140. சமையலறை ஆர்.ஓ. நீர் 96. சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத நீரைக் கலந்துவிடும் சிறு திருகு ஒன்று பெரும்பாலான வீட்டு இயந்திரங்களின் உள்ளே இருக்கும். அதை முழுதும் மூடிய பின் 22. மேற்கொண்டு ஒரு பைசா செலவில்லை. மீனுக்கு நீர் பிடித்து முடித்ததும் திருகைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறேன்.

5 மார்ச்

கல்லைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கடல்நீர்த் தொட்டியில் கல் அலங்காரத்துக்கு அன்று; பாக்டீரியா குடியிருக்கும் உண்மையான வடிகட்டி அதுதான். வெளிநாட்டுக் காணொளிகளில் கடலிலிருந்து எடுத்த லைவ் ராக்கை (பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும் பவளக் கல்லை) போட்டுத் தொடங்குகிறார்கள். ராமேசுவரம் பக்கம் போகும்போது இரண்டு துண்டு எடுத்து வரலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. மன்னார் வளைகுடாவின் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதோடு, கடினப் பவளங்கள் அனைத்தும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கரையில் ஒதுங்கிய இறந்த துண்டும் இதில் அடங்கும். சட்டம் ஒருபுறம் இருக்க, நம் தொட்டியின் அழகுக்காக அந்தத் திட்டுகளிலிருந்து ஒரு கைப்பிடி குறைவதையும் நான் விரும்பவில்லை. மீனையும் கடலில் பிடித்ததாக வாங்காமல் தொட்டியில் பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. அப்படிப் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியது, உலர் தீனியையும் தயங்காமல் உண்ணும்.

கிருஷ்ணகிரியில் எங்கு திரும்பினாலும் கிரானைட் என்பதால், பட்டறையில் கழித்துப் போட்ட துண்டுகளைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் வந்தது. நானே முதலில் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தேன். நீரில் கரையாது, கேடு இல்லை. ஆனால் பளபளப்பாக இழைக்க முடிகிற கல் என்றாலே நுண்துளை அற்ற கல் என்றுதான் பொருள். பாக்டீரியாவுக்கு அதன் தோல் மட்டுமே கிடைக்கும், உள்ளே இடமில்லை. நுண்துளைகள் நிறைந்த செராமிக் கட்டியில் வெளிப்புறம் வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. ஆக்சிஜன் எட்டாத உட்புறத்தில் வாழும் வேறு வகை, அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்புகிறது. ஆகவே அடித்தளத்துக்கு இரண்டு கிரானைட் பலகை, அதன்மேல் உலர் செராமிக் கல் என்று வைத்தேன். ஆறேழு கிலோவுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

19 மார்ச்

மின் கட்டணக் கணக்கு. 15 வாட் ஸ்கிம்மர் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட். 20 வாட் கேனிஸ்டர் 28.8. நீரைச் சுழற்றும் 8 வாட் பவர்ஹெட் பதினொன்றரை. மூன்றும் சேர்ந்து 62 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் மீனுக்கே போய்விடுகிறது. கருவியின் விலை ஒருமுறை, வாட் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பெட்டியின் மேல் அச்சிட்ட வாட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

16 ஏப்ரல்

ஸ்கிம்மர் திடீரென நுரைப்பதை நிறுத்திவிட்டது, பழுதா என்று கிருஷ்ணகிரி நண்பர் கேட்கிறார். அவர் ஸ்கிம்மர் வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் புதுக் கருவி ஒழுங்காக நுரைக்காது என்பதை நான் முன்பே சொல்லியிருந்தேன். இப்போது நடந்திருப்பது அதுவன்று.

நேற்று என் தொட்டியிலும் இதே கதைதான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சீயக்காய் போட்டு நன்றாகத் தேய்த்த கைதானே என்று, சாய்ந்திருந்த ஒரு கல்லை நிமிர்த்துவதற்காக முழங்கை வரை நீரில் விட்டேன். குழாயின் கழுத்து வரை தடித்து நின்ற பழுப்பு நுரை, பால் பொங்கும்போது நீர் தெளித்தாற்போல் கண்ணெதிரே அமிழ்ந்து போயிற்று. இன்று மாலை ஐந்து மணிக்குத்தான் மீண்டும் கழுத்தை எட்டியது. எண்ணெய்ப் பசை நுரையைக் குலைத்துவிடும். தாளிக்கும் புகை எட்டும் இடத்தில் தொட்டி இருந்தாலும் இதே சிக்கல் வரலாம். அவருடைய தொட்டி சமையலறைக் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறதாம்.

எண்ணெய் காரணமில்லை என்றால் காற்றுக்குழாயின் நுனியைப் பாருங்கள். உப்புப் படிந்து ஊசித்துளை அளவுக்குச் சுருங்கியிருக்கும். வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கினால் போதும். அடைக்கும்போது மோட்டாரின் ஓசையே மாறும்; காது பழகிவிட்டால் அடுத்த அறையிலிருந்தே தெரியும்.

21 மே

தருமபுரி வெயில் தொட்டியை எட்டிவிட்டது. நீரின் வெப்பம் 31 பாகை. கடல்நீரில் ஆக்சிஜன் இயல்பாகவே நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் கரையும். வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும். இந்த மாதங்களில் ஸ்கிம்மர் உள்ளே தள்ளும் காற்றுதான் மீனைக் காக்கிறது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கப் பணமில்லை. மேசை விசிறியை நீர்ப்பரப்பின்மேல் திருப்பிவைத்தேன், 28க்கு இறங்கியது.

அதன் விலை, நாளொன்றுக்கு மூன்று லிட்டர் ஆவி. உப்பு ஆவியாவதில்லை. ஒரு வாரம் ஈடுசெய்யாமல் விட்டால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 40ஐத் தாண்டும். ஆகவே அன்றாடம் ஊற்ற வேண்டியது உப்பு கலக்காத ஆர்.ஓ. நீர். இதைச் சொல்லக் காரணம், விளிம்பில் மாட்டும் ஸ்கிம்மருக்கு நீர்மட்டம் இரண்டு விரற்கடை இறங்கினாலே உறிஞ்சும் அளவு மாறி, நுரை நின்றுவிடுகிறது. கோடையில் என் ஸ்கிம்மர் பாதி நாள் வீணாக ஓடியிருக்கிறது என்பதை இப்போதுதான் கண்டுகொண்டேன். விளிம்பில் மாட்டும் வகையைப் பிப்ரவரியில் உறுதியாகப் பரிந்துரைத்தேன். அந்த உறுதி இப்போது எனக்கு இல்லை. தொட்டிக்குக் கீழே சம்ப் என்னும் துணைத் தொட்டி வைத்தால் மட்டம் இறங்குவது மோட்டார் அறையில் மட்டும் நிகழும், ஸ்கிம்மர் நிற்கும் அறையில் கண்ணாடித் தடுப்பு மட்டத்தைக் காக்கும்.

9 ஜூலை

சம்ப் வைத்துவிட்டேன். ஊரிலுள்ள கண்ணாடிக் கடையில் இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி, உள்ளே மூன்று தடுப்புகளோடு 1,800 ரூபாய். சம்ப் நீரை மேலே தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் மோட்டார் 1,400. மோட்டாரின் பெட்டியில் மணிக்கு 2,000 லிட்டர் என்று போட்டிருந்தது. நான்கடி உயரம் ஏற்றிய பின் வாளியும் கடிகாரமும் வைத்து அளந்தால் 1,050தான் வந்தது. தொட்டி நீரைப்போல் ஐந்து மடங்கு மணிக்குச் சுழன்றால் போதும், 160 லிட்டருக்கு 800. ஆகவே குறையில்லை, ஆனால் பெட்டியில் உள்ள எண்ணை நம்பி 1,000 லிட்டர் மோட்டார் வாங்கியிருந்தால் பாதியில் நின்றிருக்கும்.

17 ஜூலை

சம்ப் வைப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். நேற்று இரவு மின்சாரம் நின்றபோது கூடம் முழுவதும் உப்புநீர்.

ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்ப்பரப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே வைத்திருந்தேன். மோட்டார் நின்றவுடன் அந்தக் குழாயே சைஃபனாக மாறி, வாய் வெளியே தெரியும் வரை தொட்டி நீரைக் கீழே இறக்கியது. 90க்கு 45 சென்டிமீட்டர் பரப்பு, பத்து சென்டிமீட்டர் ஆழம்: 40 லிட்டர். சம்ப்பில் காலியாக இருந்தது 19 லிட்டர் இடம். மீதி 21 லிட்டர் தரையில். மரப் பீரோவின் கால்கள் ஊறிவிட்டன. மீன்களுக்கு ஒன்றுமில்லை என்பதே ஆறுதல்.

திருத்தம் மிக எளிது. ரிட்டர்ன் குழாயில் நீர்ப்பரப்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே சிறு துளை ஒன்று போட வேண்டும். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். இறங்குவது நான்கைந்து லிட்டரோடு நிற்கும். துளையைப் பாசி அடைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை ஊசியால் குத்திவிட வேண்டும். ஒருவழி வால்வை நம்ப வேண்டாம். உப்போ ஒரு நத்தையோ சிக்கினால் அது மூடாது. எல்லாவற்றையும் பொருத்திய பின், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் நின்று பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

20 ஆகஸ்ட்

இரண்டு சிறு செய்திகள். வடிகட்டும் பஞ்சைத் தலையணைக் கடையில் எடைக்கு வாங்குகிறேன். மீன் கடை விலையில் நான்கில் ஒரு பங்கு. பாலியஸ்டர் பஞ்சா என்று கேட்டு, வாசனையோ மருந்தோ ஏற்றாததாகப் பார்த்து வாங்குங்கள். இலவம்பஞ்சு நீரில் மக்கிவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். பையோ பால் (பாக்டீரியா தங்குவதற்கான பிளாஸ்டிக் பந்து) போட்டால் நைட்ரேட் ஏறும் என்று மார்ச்சில் ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். பந்தின் மேல் குற்றமில்லை. பந்துகளுக்கிடையே சிக்கி அழுகும் கசடுதான் காரணம். முன்னால் பஞ்சு வைத்து, அதை நேரத்தில் மாற்றினால் பந்துகள் தம் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன.

12 நவம்பர்

கிருஷ்ணகிரி நண்பர் கணக்கு அனுப்பியிருக்கிறார். ஸ்கிம்மர் 4,600, செராமிக் கல் 2,100, பவர்ஹெட் 850, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் 1,500, டெஸ்ட் கிட் 950. பத்தாயிரம் சரியாகத் தீர்ந்தது. சம்ப்புக்குப் பணம் இல்லாததால் விளிம்பு ஸ்கிம்மரையே வைத்துக்கொண்டு, தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு வரைந்து, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஆர்.ஓ. நீர் ஊற்றுகிறார். நான் மூவாயிரத்து இருநூறு செலவழித்துத் தீர்த்த சிக்கலை அவர் ஒரு கோட்டில் தீர்த்துவிட்டார். மட்டத்தைக் காக்க வேறு வழியே இல்லை என்பதுபோல் மே மாதம் எழுதியதை இதோடு திருத்திக்கொள்கிறேன்: தினமும் இருமுறை தொட்டியைப் பார்க்க வீட்டில் ஆள் உண்டென்றால் சம்ப் கட்டாயமில்லை.

கேனிஸ்டரை அவர் விற்கவில்லை. உள்ளே இருந்த ரிங்குகளையும் பஞ்சையும் எடுத்துவிட்டு, மாதத்தில் மூன்று நாள் மட்டும், தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து செய்த ஆக்டிவேட்டட் கார்பனை நன்றாக அலசிப் போட்டு ஓட்டி, நீரின் மஞ்சள் சாயலைப் போக்கிய பின் கழற்றிக் காயவைக்கிறார். பாக்டீரியா குடியேறாத கேனிஸ்டரால் மின்தடையில் ஆபத்தில்லை. இப்படிப் பயன்படுத்தலாம் என்று பிப்ரவரியில் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது ஐந்தாவதாக ஒரு மீன் விடலாமா என்று கேட்கிறார். ஆகஸ்டில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாக இருந்த அவருடைய நைட்ரேட் செப்டம்பரில் 10, இந்த மாதம் 20. நான்கு மீன்களின் கழிவையே அவருடைய கருவிகள் முழுதாக வெளியேற்றவில்லை என்று அந்த எண் சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 32 லிட்டர் மாற்றுகிறார். அதை வாரம் ஒருமுறையாக்கி, தீனியைப் பாதியாகக் குறைத்து, டிசம்பர் கடைசியில் மறுபடி அளந்து எழுதட்டும். அதுவரை மீன் வாங்க வேண்டாம்.